காசு நம்முடையது, கேம் யாருடையது?

ஆம்பூர் வழியாகப் பெங்களூரு போகிறவர்கள், நெடுஞ்சாலையோர ஷூ கடைகளில் ஒருமுறையாவது வண்டியை ஓரங்கட்டியிருப்பார்கள். ஏற்றுமதிக்குத் தைத்ததில் மிஞ்சியது, சின்னக் குறைக்காகக் கழித்துக்கட்டியது என்று ரகம் ரகமாக அடுக்கியிருக்கும். வாங்க வந்தவர் தோலை விரலால் அமுக்கிப் பார்ப்பார். அடியை வளைத்துப் பார்ப்பார். கடைக்காரர் வேறு பக்கம் திரும்பும்போது மோந்தும் பார்ப்பார். பேரம் படிந்து காசு கைமாறிவிட்டால் அந்த ஷூ அவருடையது. அடி தேய்ந்தால் மாற்றித் தைக்கலாம். அளவு சேராவிட்டால் தம்பிக்குத் தள்ளிவிடலாம். தைத்த கம்பெனியே மூடிப்போனாலும் ஷூ காலில்தான் இருக்கும்.

அதே ஊரில், ஷூ கம்பெனியில் ஷிப்ட் முடித்து வரும் இளைஞர் ஒருவர் கம்ப்யூட்டரில் ஒரு கேம் வாங்குகிறார். யு.பி.ஐ.யில் பணம் போகிறது, கேம் இறங்குகிறது. சில வருடம் கழித்து அதைத் தயாரித்த கம்பெனி சர்வரை அணைத்துவிட்டால் அந்த கேம் அவரிடம் இருக்காது. காரணம் எளிது. அவர் காசு கொடுத்தது விளையாடும் அனுமதிக்கு. அந்த அனுமதியைக் கொடுத்தவரே திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று, யாரும் படிக்காமல் ‘ஐ அக்ரி’ அழுத்துகிற ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது.

கேமைக் கடையில் வாங்குவதா, டவுன்லோடு செய்வதா என்ற விவாதம் உலகம் முழுக்க இருபது வருடமாக ஓடுகிறது. அமெரிக்காவில் கேம்ஸ்டாப் நூற்றுக்கணக்கான கிளைகளை மூடியிருக்கிறது. பெஸ்ட் பை 2024-ல் சினிமா டிஸ்க் விற்பதையே நிறுத்திவிட்டது. அங்கே இதை, நல்ல கடைகளை இன்டர்நெட் விழுங்கிய கதையாகச் சொல்கிறார்கள். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று பாலாற்றங்கரையில் நீளும் தோல் வட்டாரத்தில் அந்தக் கதை செல்லாது. விழுங்குவதற்கு இங்கே அப்படிப் பெயர் சொல்லும் கேம் கடை ஏது? இங்கே இருந்தது வேறு சரக்கு, வேறு கடை.

யேலகிரி எக்ஸ்பிரஸில் வந்த சரக்கு

முதலில் வந்தது டி.வி. கேம். 90-களில் வளர்ந்தவர்கள் யாரிடமும் இதற்கு விளக்கம் தேவைப்படாது. மஞ்சள் நிற கேசட், மேலே ‘9999 இன் 1’ என்று அச்சடித்த ஸ்டிக்கர். உள்ளே உண்மையில் இருந்தவை ஏழெட்டு கேம்கள். மிச்சமெல்லாம் அவையே வேறு வேறு எண்களில் வருபவை. கான்ட்ராவும் மரியோவும் நம் வட்டாரத்துக்கு வந்தது இப்படித்தான். அவை கோனாமி, நிண்டெண்டோ கம்பெனிகளின் சரக்கு என்பதோ, நாம் வாங்கியது நகல் என்பதோ விற்றவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. ஃபேன் விற்கும் கடையிலும் திருவிழாக் கடையிலும் பாத்திரக் கடையிலும்கூட அது கிடைத்தது.

அப்புறம் கம்ப்யூட்டர் காலம். சென்னை பீச் ஸ்டேஷனுக்கு எதிரே, பர்மாவிலிருந்து திரும்பியவர்களுக்காக 1960-களின் கடைசியில் உருவான பர்மா பஜார். அண்ணா சாலைக்குப் பின்னால் ரிச்சி தெரு. தமிழ்நாட்டின் பாதி ஊர்களுக்கு கேம் சிடி இந்த இரண்டு இடங்களிலிருந்துதான் போனது. நம் பக்கத்துக் கடைக்காரர்களுக்கு வசதியாக யேலகிரி எக்ஸ்பிரஸ் இருந்தது. அதிகாலையில் ஜோலார்பேட்டையில் கிளம்பி, வாணியம்பாடி, ஆம்பூர், குடியாத்தம், காட்பாடி என்று ஏற்றிக்கொண்டு சென்னை சென்ட்ரலுக்குப் போகும். மாலையில் அதே வழியில் திரும்பும். காலையில் போய், சரக்கு எடுத்து, ராத்திரி வீடு வந்துவிடலாம். மறுநாள் கடை திறக்கும் முன்பே பையன்கள் நிற்பார்கள்: “பாய், புது சிடி வந்துச்சா?”

அந்தச் சிடியைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். மெல்லிய பிளாஸ்டிக் உறை. மேலே கலர் ஜெராக்ஸில் ஒரு கார், ஒரு துப்பாக்கி, ஒரு பெண். பெரும்பாலும் உள்ளே இருக்கும் கேமுக்கும் அந்தப் படத்துக்கும் சம்பந்தம் இருக்காது. சிடியின் முகத்தில் மார்க்கரால் கிறுக்கிய பெயர். ட்ரைவில் போட்டால் ‘கிராக்’ என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அதிலிருக்கும் ஃபைலை எடுத்து, இன்ஸ்டால் ஆன இடத்தில் ஒட்டி, ‘ரீப்ளேஸ்’ என்று கேட்டால் ‘யெஸ்’ கொடுக்க வேண்டும். ஆங்கிலம் வராத பையன்களுக்கும் இந்த வரிசை மனப்பாடம். இங்கே பலர் கம்ப்யூட்டரின் உள்வீட்டைக் கற்றுக்கொண்டது இந்தத் திருட்டு வேலையில்தான். பிற்பாடு அதே பையன்கள் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்தார்கள் என்றால் ஆச்சரியமில்லை.

இன்னொரு தந்திரமும் உண்டு: ‘ரிப்’. பெரிய கேமை ஒரே சிடியில் அடைப்பதற்காகக் கதைக் காட்சிகளையும் பாடல்களையும் வெட்டியெடுத்துவிடுவார்கள். கதை தெரியாமலே கேமை முடித்த தலைமுறை அது. யாரைச் சுடுகிறோம், எதற்குச் சுடுகிறோம் என்பதெல்லாம் நம் கற்பனைக்கு விடப்பட்டது.

இதற்கெல்லாம் மேலே போலீஸ் பயமும் இருந்தது. 2004-ல் தமிழ்நாட்டின் குண்டர் சட்டத்தில் திருட்டு வீடியோ தொழிலையும் சேர்த்தார்கள். குறி என்னவோ புதுப்பட சிடிக்குத்தான். ஆனால் படமும் கேமும் ஒரே பெட்டியில்தான் கிடந்தன. ரெய்டு என்று காற்றுவாக்கில் தெரிந்தால் பெட்டி பின்வாசல் வழியாகப் போய்விடும்.

ஆகவே கடைகளுக்காக ஒப்பாரி வைக்க எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கடைகள் உருவாக்கியவருக்கு ஒரு பைசா தரவில்லை. வைரஸையும் சேர்த்தே விற்றன. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தச் சிடி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போனது. ஒரு தெருவுக்கு ஒரு சிடி போதும். வாங்கினவன் விளையாடி முடித்தால் அடுத்தவனுக்கு. அவன் பிளேடால் கீறினமாதிரித் திருப்பிக் கொடுத்தால் ஒரு வாரச் சண்டை. மாதச் சம்பளத்தில் கேமுக்கென்று தனியாக ஒதுக்க முடியாத வீடுகளில் அதுதான் நடைமுறை.

மெமரி கார்டில் ஏற்றித் தரப்படும்

கடைக்கும் டவுன்லோடுக்கும் நடுவே ஒரு காலம் இருந்ததைப் பலர் மறந்துவிட்டார்கள். செல்போன் ரீசார்ஜ் கடைகளில் ‘பாட்டு, வீடியோ, கேம் ஏற்றித் தரப்படும்’ என்று போர்டு தொங்கிய காலம். நம்மிடம் நெட் இல்லை, கடைக்காரரிடம் இருந்தது. அவர் டவுன்லோடு செய்து வைத்திருப்பார், நாம் மெமரி கார்டைக் கழற்றிக் கொடுத்தால் பத்து இருபது ரூபாய்க்கு நிரப்பித் தருவார். அதையும் முதலில் ப்ளூடூத்தில், பிறகு ஷேர்இட்டில், கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரருக்கு அனுப்பிவிடலாம். உலகத்தில் டவுன்லோடு கடையைக் கொன்றது என்றால், இங்கே டவுன்லோடே கொஞ்ச காலம் ஒரு கடையாக உட்கார்ந்திருந்தது.

வீட்டில் நெட் இருந்தவர்கள் பாடு வேறு. பி.எஸ்.என்.எல். 2005-ல் பிராட்பேண்ட் தொடங்கியபோது பகலில் ஒவ்வொரு எம்.பி.க்கும் கணக்கு. ஆனால் சில திட்டங்களில் இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை கணக்கில்லை. அலாரம் வைத்து 2 மணிக்கு எழுந்து டவுன்லோடை ஓடவிட்டு, 8 மணிக்கு முன்பு நிறுத்தாவிட்டால் மாதக் கடைசியில் அப்பாவிடம் பில்லோடு நிற்க வேண்டும். 2012 வாக்கில் மின்வெட்டும் சேர்ந்துகொண்டது. மூன்று ராத்திரி இறங்கிய கேம் நாலாம் ராத்திரி 97 சதவீதத்தில் நின்றால் எழும் கோபத்துக்கு வேலூர் வெயில் ஒன்றும் பெரிதில்லை.

அந்த நாளில் காசு கொடுத்து முறையாக வாங்கத் தயாராக இருந்தவருக்கும் வழி இல்லை. கேமை டவுன்லோடாக விற்கும் ஸ்டீம் தளம் 2003-லேயே வந்துவிட்டது. ஆனால் விலை டாலரில். கட்ட கிரெடிட் கார்டு வேண்டும். தோல் ஷாப்பில் வாரக்கூலி வாங்கும் வீட்டில் கிரெடிட் கார்டு ஏது? மூன்று விஷயங்கள் இதை மாற்றின. 2015 நவம்பரில் ஸ்டீம் ரூபாயில் விலை போடத் தொடங்கியது. 2016-ல் யு.பி.ஐ. வந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 5-ம் தேதி ஜியோ வந்தது. இரண்டே வருடத்தில், வேலூருக்கும் சென்னைக்கும் நடுவே இருந்த 140 கிலோமீட்டர் கேம் விஷயத்தில் காணாமல் போனது. உலகம் முழுக்க ஒரு கேம் வெளியாகும் அதே நிமிடத்தில் வாணியம்பாடியிலும் வெளியாகிறது. இதைச் சின்ன விஷயமாக நினைக்க முடியாது.

வெண்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 ஜூலை 31-ல் வெளியான கேம். டொரன்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் உருவாக்கியது. தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஓர் அம்மா, பாதி அழிந்துபோன குடும்பச் சமையல் குறிப்புப் புத்தகத்தை வைத்துக்கொண்டு இட்லியும் பிரியாணியும் செய்வதுதான் விளையாட்டு. துப்பாக்கி இல்லை, கார் இல்லை. 2024-ல் சுயாதீன கேம் விழாவின் பெரும்பரிசும், சிறந்த அறிமுகப் படைப்புக்கான பாஃப்டா விருதும் இதற்குக் கிடைத்தன. டிஸ்க்கில் அச்சடித்துக் கடையில் அடுக்கினால்தான் விற்கும் என்ற காலமாக இருந்தால், இப்படியொரு கேமை ஆயிரக்கணக்கில் அச்சடித்து இந்தியாவுக்கு அனுப்ப எந்த விநியோகஸ்தர் முன்வந்திருப்பார்? டவுன்லோடு இருந்ததால்தான் பிரியாணிக்குப் பெயர்போன ஆம்பூரில் உட்கார்ந்து, டொரன்டோ பிரியாணியை ஒருவர் கிண்ட முடிகிறது. டவுன்லோடைத் திட்டுகிறவர்கள் இதற்குப் பதில் சொல்லிவிட்டுத் திட்ட வேண்டும்.

காணாமல் போன பாட்டு

இனி மறுபக்கம். வைஸ் சிட்டி தெரியாத பிரவுசிங் சென்டர் தமிழ்நாட்டில் இருந்ததில்லை. 2002-ல் பிளேஸ்டேஷனுக்கும் 2003-ல் கம்ப்யூட்டருக்கும் வந்த கேம். காரைத் திருடி ஏறினால் ரேடியோவில் 80-களின் பாட்டு ஓடும். கேமின் பாதி உயிர் அதில்தான். ஆனால் அந்தப் பாடல்களின் உரிமம் காலவரையறைக்கு உட்பட்டது. 2012 நவம்பரில் உரிமச் சிக்கலால் வைஸ் சிட்டி ஸ்டீமிலிருந்து இறக்கப்பட்டது. 2013 தொடக்கத்தில் திரும்ப வந்தபோது சில பாட்டுகள் இல்லை. 2014-ல் அதே வரிசையின் அடுத்த கேமான சான் ஆண்ட்ரியாஸுக்கு ஒரு அப்டேட் வந்தது. ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கி வைத்திருந்தவர்களின் கேமிலிருந்தும் பாடல்கள் போயின. அவர்கள் எதுவும் கேட்கவில்லை, யாரும் அவர்களைக் கேட்கவுமில்லை. பெட்டியில் வந்த பழைய ஒரிஜினல் சிடி வைத்திருப்பவரிடம் எல்லாப் பாட்டும் இன்னும் இருக்கின்றன.

கிரிக்கெட் 07 கதை இதைவிட நமக்கு நெருக்கம். இ.ஏ. ஸ்போர்ட்ஸ் 2006 நவம்பரில் வெளியிட்டது. அதற்குப் பிறகு அந்த வரிசையில் கிரிக்கெட் கேமே இ.ஏ. போடவில்லை. இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் இலங்கையிலும் இன்றும் அதை விளையாடுகிறவர்கள் இருக்கிறார்கள். பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும், கிராபிக்ஸ் கார்டு கேட்காது. ஆனால் எந்த டவுன்லோடு கடையிலும் அது விற்பனைக்கு இல்லை. முறையாகக் காசு கொடுத்து வாங்க நினைத்தால் யாராவது ஒருவரின் பரணில் கிடக்கும் டிஸ்க்கைத்தான் தேட வேண்டும்.

இத்தனை வருடமாக அது எப்படி உயிரோடு இருக்கிறது? ரசிகர்களால். ஐ.பி.எல். தொடங்கியது 2008-ல், கேம் வந்தது அதற்கு முன்பு. ஆனால் ஒவ்வொரு சீசனுக்கும் யாரோ ஒருவர் உட்கார்ந்து புது வீரர்களின் பெயர், முகம், சட்டை, ஸ்டேடியம் எல்லாவற்றையும் சேர்த்து ‘பாட்ச்’ செய்து வெளியிடுகிறார். சி.எஸ்.கே.யின் மஞ்சள் சட்டை அந்த கேமுக்குள் வந்தது அப்படித்தான். கேம் நம் கம்ப்யூட்டரில், நம் கையில் இருந்ததால் இது முடிந்தது. சர்வரில் மாட்டியிருந்தால் இ.ஏ. கைவிட்ட அன்றே கிரிக்கெட் 07 செத்திருக்கும்.

இதற்கு நேர்மாறான கிரிக்கெட் கதையும் உண்டு. 2013 நவம்பரில் ஆஷஸ் கிரிக்கெட் 2013 ஸ்டீமில் வெளியானது. பந்தைப் பிடிக்க ஓடும் ஃபீல்டர் பந்தை விட்டுவிட்டு வேறெங்கோ போகும் அளவுக்குப் பிழைகள். சில நாட்களிலேயே கேமைத் திரும்பப் பெற்று, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். டவுன்லோடு என்பதால்தான் அது அவ்வளவு சுலபமாக நடந்தது. ‘விற்ற சரக்கு திரும்ப எடுக்கப்பட மாட்டாது’ என்று பில்லிலேயே அச்சடித்திருக்கும் கடைகளோடு வாழ்ந்து பழகிய நமக்கு இது பெரிய விஷயம். 2015-லிருந்து ஸ்டீமில், வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும்.

சரி, அப்படியானால் டிஸ்க் வாங்கினால் பாதுகாப்பா என்றால், அதுவும் இப்போது உறுதியில்லை. 2014-ல் யூபிசாஃப்ட் வெளியிட்ட தி க்ரூ என்ற கார் கேமின் சர்வர்கள் 2024 மார்ச் 31-ல் அணைக்கப்பட்டன. தனியாக விளையாடவும் சர்வர் வேண்டும் என்று அதை அமைத்திருந்ததால் டவுன்லோடு செய்தவர், டிஸ்க் வாங்கியவர் இருவரும் ஒரே நாளில் வெறுங்கையோடு நின்றார்கள். பிறகு, ஏற்கெனவே வாங்கியிருந்தவர்களின் கணக்கிலிருந்தும் உரிமம் நீக்கப்பட்டது.

பெட்டியே ஏமாற்றும் பெட்டியாகிவிட்டது. 2015-ல் வந்த ஜி.டி.ஏ. 5 கம்ப்யூட்டர் பெட்டியில் 7 டி.வி.டி. இருந்தன. அதே ஆண்டு கம்ப்யூட்டருக்கு மெட்டல் கியர் சாலிட் 5 வாங்கியவர் டிஸ்க்கைப் போட்டால் அதில் இருந்தது ஸ்டீமை நிறுவும் சின்ன ஃபைல் மட்டும். கேம் முழுவதையும் நெட்டில்தான் இறக்க வேண்டும். 2022-ல் பிளேஸ்டேஷன் 5-க்கு வந்த கால் ஆஃப் டியூட்டி டிஸ்க்கில் இருந்தது சுமார் 70 எம்.பி. கேமின் மொத்த அளவு 100 ஜி.பி.யைத் தொடும். கடையில் வாங்கினாலும் டவுன்லோடுதான் என்றால், கடைக்குப் போன ஆட்டோ காசு தண்டம்.

பத்தாயிரம் ரூபாய்க் கணக்கு

பிளேஸ்டேஷன் 5 இந்தியாவுக்கு 2021 பிப்ரவரியில் வந்தது. டிஸ்க் போடும் மாடலின் அறிமுக விலை 49,990 ரூபாய். டிஸ்க் ட்ரைவ் இல்லாத டிஜிட்டல் மாடல் 39,990. பத்தாயிரம் மிச்சம் என்று பலர் டிஜிட்டலைப் பார்த்தார்கள். ஆனால் அப்போது சோனியின் புது கேம்கள் 4,999 ரூபாய் வரை போயின. டிஸ்க்காக வாங்கியவர் ஒரு மாதம் விளையாடிவிட்டு விற்றால் நல்ல பங்கு கைக்கு வந்துவிடும். ஓ.எல்.எக்ஸில், கேம்லூட், கேம்நேஷன் போன்ற பழைய டிஸ்க் தளங்களில், ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் இந்த வியாபாரம் நடக்கிறது. இரண்டு பேர் ஆளுக்கொரு டிஸ்க் வாங்கி மாற்றிக்கொண்டால் ஒரு கேம் காசில் இரண்டு கேம். நாலைந்து கேமில் அந்தப் பத்தாயிரம் ஈடுகட்டிவிடும். டிஜிட்டல் மாடல் வாங்கியவருக்கு இந்தச் சந்தையே கிடையாது. அவர் முடித்த கேம் அவர் கணக்கில் தூங்கும்.

விற்பவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். 2013-ல் மைக்ரோசாஃப்ட், எக்ஸ்பாக்ஸ் ஒன் அறிமுகத்தில் பழைய டிஸ்க் விற்பனைக்குக் கட்டுப்பாடு கொண்டுவரப் பார்த்தது. எழுந்த எதிர்ப்பில் ஜூன் மாதமே பின்வாங்கியது. கட்டுப்பாடாகக் கொண்டுவந்தது தோற்றது. வசதியாகக் கொண்டுவந்த டிஜிட்டல் மாடல் ஜெயித்துவிட்டது.

டவுன்லோடு செய்ததை விற்கவே முடியாதா என்பதில் ஐரோப்பா முன்பின்னாகப் போகிறது. டவுன்லோடு செய்த மென்பொருளின் உரிமத்தை மறுவிற்பனை செய்யலாம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2012-ல் ஆரக்கிள் வழக்கில் சொன்னது. ஸ்டீம் கேம்களுக்கும் அது பொருந்தும் என்று பாரிஸ் நீதிமன்றம் 2019-ல் சொன்னது. 2022-ல் மேல்முறையீட்டில் அது தலைகீழானது. பழைய ஷூவை விற்க யாரும் நீதிமன்றப் படியேறியதில்லை.

ஃபோனில் இருந்தது, காலையில் இல்லை

இதுவரை சொன்னதெல்லாம் கம்ப்யூட்டரும் பிளேஸ்டேஷனும் வைத்திருக்கும் சிலரின் கதை. தோல் வட்டாரத்தின் பெரும்பான்மைக்கு கேம் என்றால் ஃபோன். மதியச் சாப்பாட்டு இடைவேளையில் ஷூ கம்பெனி வாசலில், காட்பாடி ஜங்ஷன் நடைமேடையில், வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றிய லாட்ஜ்களில் வாரக்கணக்கில் தங்கி நோயாளிக்குத் துணையிருக்கும் வெளிமாநில இளைஞர்களிடம் எல்லாம் அதே திரைதான். அங்கே கடை என்ற பேச்சே இல்லை. கேம் இலவசம். விற்பது உள்ளே: சட்டை, துப்பாக்கிக்கு வண்ணம், டைமண்ட், யு.சி. என்ற பெயர்களில் கேமுக்குள் செல்லும் காசு. கையில் காசு வைத்திருக்கும் சிறுவர்களுக்காக ரீசார்ஜ் கடைகளில் ‘டாப்-அப்’ போட்டுக் கொடுப்பார்கள். பழைய மெமரி கார்டு வியாபாரத்தின் பேரப்பிள்ளை இது.

2020 செப்டம்பர் 2-ம் தேதி மத்திய அரசு 118 செயலிகளைத் தடை செய்தது. பப்ஜி மொபைல் அதில் ஒன்று. அந்த ஆண்டு ஜூனிலேயே ஷேர்இட் போயிருந்தது. அக்டோபர் 30-ல் பப்ஜியின் இந்தியச் சேவை முழுவதும் நின்றது. அடுத்த ஜூலையில் பி.ஜி.எம்.ஐ. என்ற பெயரில் இந்தியாவுக்கென்று வந்தது. பழைய கணக்கை மாற்றிக்கொள்ள வாய்ப்பும் கொடுத்தார்கள். 2022 ஜூலை 28-ல் அதுவும் ஆப் ஸ்டோர்களிலிருந்து இறக்கப்பட்டது. ஃபோனில் ஏற்கெனவே இருந்தவர்கள் விளையாடினார்கள். ஃபோனை மாற்றியவர்கள் முறையான வழியில் இறக்க முடியாமல் நின்றார்கள். 2023 மே மாதம் திரும்பி வந்தது. நடுவில் 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயரும் தடையானது.

தடை சரியா தவறா என்பது வேறு விவாதம். தேசப் பாதுகாப்பு என்று அரசு காரணம் சொன்னது; அதை இங்கே எடுத்து எடைபோட வேண்டியதில்லை. எத்தனையோ பெற்றோர் அன்று நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள் என்பதும் உண்மை. ஆனால் பையன்கள் அந்த கேமில் கட்டிய காசுக்கு யார் பொறுப்பு என்று அப்போது பெரிதாக யாரும் கேட்கவில்லை. ‘கேமுக்குப் போட்ட காசுதானே, போகட்டும்’ என்பதே பொதுவான மனநிலை. அதே வீட்டில் ஒரு ஜோடி ஷூ கம்பெனிக்காரனால் திரும்ப எடுத்துக்கொள்ளப்பட்டிருந்தால் தெருவே கூடியிருக்கும்.

அமெரிக்காவில் வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023-ல் ஓர் ஆய்வு வெளியிட்டது. 2010-க்கு முன் அந்நாட்டில் வெளியான கேம்களில் 87 சதவீதம் இன்று முறையாக வாங்கக் கிடைப்பதில்லை என்றது அது. நிண்டெண்டோ தன் 3டி.எஸ்., வீ யூ கடைகளை 2023 மார்ச்சில் மூடியது. எக்ஸ்பாக்ஸ் 360 கடை 2024 ஜூலையில் மூடப்பட்டது. கடை மூடுவது சர்வதேச நிகழ்வு என்றால், இப்போது மூடுவது டவுன்லோடு கடைகளும்தான்.

நாம் கேட்க வேண்டியது

கலிஃபோர்னியா 2024 செப்டம்பரில் ஒரு சட்டம் கொண்டுவந்தது. 2025 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது. திரும்ப எடுத்துக்கொள்ளக்கூடிய உரிமத்தை விற்றுவிட்டு ‘வாங்குங்கள்’ என்று மொட்டையாகப் பொத்தான் வைக்கக் கூடாது. இது உரிமம் மட்டுமே என்று பணம் கட்டும் முன்பு தெளிவாகச் சொல்ல வேண்டும். ஸ்டீம் 2024 அக்டோபரிலேயே அப்படியொரு வரியைச் சேர்த்துவிட்டது. தி க்ரூ மூடலுக்குப் பிறகு ராஸ் ஸ்காட் என்பவர் தொடங்கிய ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ இயக்கத்தின் ஐரோப்பிய மனுவுக்கு 2025 ஜூலைக்குள் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகள் சேர்ந்தன. சர்வரை என்றென்றும் ஓட்டச் சொல்லி அவர்கள் கேட்கவில்லை. மூடும்போது கேம் வாங்கியவர் கையில் ஓடும் நிலையில் இருக்கும்படி விட்டுவிட்டுப் போங்கள் என்றுதான் கேட்கிறார்கள். நியாயமான கோரிக்கை.

நம்மிடம் சட்டமே இல்லை என்று சொல்ல முடியாது. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் அமலுக்கு வந்தது. அதே மாதம் வந்த மின்வணிக விதிகள் ‘டிஜிட்டல் பொருட்கள்’ என்று பெயர் சொல்லியே கேம் போன்றவற்றையும் உள்ளே கொண்டுவருகின்றன. விற்றவர் அமெரிக்காவில் இருக்கட்டும், ஜப்பானில் இருக்கட்டும், புகார்தாரர் தான் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மாவட்ட ஆணையத்தில் கட்டணம் கிடையாது. வேலூரில் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. இ-ஜாக்ருதி தளத்தில் இருந்த இடத்திலிருந்தே புகார் பதியலாம். செருப்புக்கும் செல்போனுக்கும் அங்கே போகிற நாம் கேமுக்குப் போவதில்லை என்பதுதான் பிரச்சினை.

என் தீர்ப்பைக் கேட்டால், கம்ப்யூட்டருக்கு டவுன்லோடே சரி. அதிலும் ஜி.ஓ.ஜி. போன்ற தளத்தில் பூட்டில்லாத இன்ஸ்டாலர் கிடைத்தால் அங்கே வாங்கி ஒரு ஹார்ட் டிஸ்க்கில் நகல் வைத்துக்கொள்ளுங்கள். தளமே போனாலும் கேம் போகாது. பிளேஸ்டேஷன் வாங்குவதாக இருந்தால், நம் வருமானத்துக்கு டிஸ்க் ட்ரைவ் உள்ள மாடல்தான் லாபம். ஆனால் கேம் முழுவதும் டிஸ்க்கில் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டு வாங்குங்கள். எப்போதும் நெட் வேண்டும் என்று பெட்டியிலோ பக்கத்திலோ எழுதியிருந்தால் அதற்கு முழு விலை கொடுக்காதீர்கள், தள்ளுபடி வரும்வரை காத்திருங்கள். ஃபோன் கேமில் பிள்ளைகள் போடும் காசை சினிமா டிக்கெட் கணக்கில் எழுதுங்கள். அது திரும்பவும் வராது, கையிலும் நிற்காது.

பணம் கட்டிய ரசீது வரும் மின்னஞ்சலை அழிக்காதீர்கள், யு.பி.ஐ. பரிவர்த்தனை எண்ணையும் சேர்த்து வையுங்கள். வாங்கிய கேம் திடீரென்று மறைந்தால் முதல் அழைப்பு தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு: 1915.